படகு வீடுகளில் மணமின்றிப் பரவும் நச்சு வாயு: கார்பன் மோனாக்சைடு ஆபத்தைத் தவிர்ப்பது எப்படி?

படகுச் சுற்றுலாவில் விபத்து என்றதும் நீரில் மூழ்குவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கேரள மாநிலம் தானூரில் 2023 மே 7 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த பிறகு, உயிர்காப்பு அங்கி, பயணிகளின் எண்ணிக்கை, படகின் உரிமம் ஆகியவை குறித்த விழிப்புணர்வு நாடெங்கும் அதிகரித்துள்ளது. ஆனால், படகு கவிழாமலும் தண்ணீர் உள்ளே புகாமலும், நன்றாக உறங்கிக்கொண்டிருக்கும் பயணியின் உயிரைப் பறிக்கக்கூடிய மற்றோர் ஆபத்தும் படகுகளில் உள்ளது. இயந்திரத்தின் புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவே அது.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணையோ தொண்டையையோ இது உறுத்துவதுமில்லை. ஆகவே, இதைச் சுவாசிப்பவருக்குத் தாம் நஞ்சைச் சுவாசிக்கிறோம் என்பதே தெரிவதில்லை. படகுகளில் இது எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எவ்வாறு தடுக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வாயு எவ்வாறு உருவாகிறது?

பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, விறகு, கரி என, கார்பன் அடங்கிய எந்த எரிபொருளும் போதிய ஆக்சிஜன் இன்றி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. படகில் இதற்கான மூலங்கள் பல. படகைச் செலுத்தும் இயந்திரம், குளிர்சாதனத்துக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தரும் ஜெனரேட்டர், சமையல் அடுப்பு, குளிரைப் போக்க ஏற்றப்படும் கரி அடுப்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை.

இவற்றில் பெட்ரோலில் இயங்கும் சிறிய ஜெனரேட்டர்கள் மிகவும் ஆபத்தானவை. இன்றைய கார்களில் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றிகள் பொருத்தப்பட்டுள்ளன. சிறிய ஜெனரேட்டர்களில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே, அளவில் சிறிய ஓர் ஜெனரேட்டர் ஒரு காரைக் காட்டிலும் பன்மடங்கு கார்பன் மோனாக்சைடை வெளியிடக்கூடும்.

டீசல் இயந்திரங்கள் பெட்ரோல் இயந்திரங்களைவிடக் குறைவாகவே இவ்வாயுவை வெளியிடுகின்றன. ஆயினும், டீசல் என்பதால் ஆபத்தே இல்லை என்று கருதுவது தவறு. பராமரிப்பு இல்லாத இயந்திரமும், அளவுக்கு மீறிய மின்சுமையைத் தாங்கும் ஜெனரேட்டரும், காற்று வடிகட்டி அடைபட்ட இயந்திரமும் அதிக அளவில் வாயுவை உமிழும். அந்தப் புகை மூடிய அறைக்குள் புகுந்தால், அது எந்த எரிபொருளிலிருந்து வந்தது என்பது பொருட்டல்ல.

உடலில் என்ன நிகழ்கிறது?

நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அந்த ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான ஈர்ப்புடன் கார்பன் மோனாக்சைடு இணைகிறது. காற்றில் இதன் அளவு சிறிதாக இருந்தாலும், நேரம் செல்லச் செல்ல ஆக்சிஜனுக்குரிய இடத்தை இது கைப்பற்றிக்கொள்கிறது. மூளையும் இதயமும் முதலில் பாதிக்கப்படுகின்றன.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, களைப்பு, குழப்பம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். படகில் இவை ஏற்படும்போது பலரும் அதை நீர்ப்பயண ஒவ்வாமை என்றோ, வெயில் பாதிப்பு என்றோ, உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, மது அருந்தியதன் விளைவு என்றோ எண்ணிவிடுகின்றனர். உள்ளே சென்று சற்றுப் படுத்துக்கொள்ளும்படி சொல்வதும் வழக்கம். அவ்வாறு உள்ளே செல்வது, வாயு தேங்கியிருக்கும் அறைக்கே அவரை அனுப்புவதாக முடியலாம்.

இரு குறிப்புகள் இந்த நஞ்சை அடையாளம் காண உதவும். ஒரே இடத்திலிருந்த பலருக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறிகுறிகள் தோன்றுவது ஒன்று. திறந்த காற்றுக்கு வந்ததும் அறிகுறிகள் குறைவது மற்றொன்று. குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் மற்றவர்களைவிட விரைவாகவும் கடுமையாகவும் பாதிக்கப்படுகின்றனர். உறங்குபவர்களுக்கு அறிகுறிகளை உணரும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

பவல் ஏரி கற்பித்த பாடம்

படகுகளில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து குறித்து உலகம் விரிவாக அறிந்துகொள்ளக் காரணமாக அமைந்தது அமெரிக்காவின் பவல் ஏரி. அரிசோனா, யூட்டா மாகாணங்களின் எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கிளென் கேன்யன் அணையால் உருவான இந்த ஏரி, படகு வீடுகளுக்குப் பெயர் பெற்றது.

2000 ஆகஸ்டில், அங்கு 11 மற்றும் 8 வயதுள்ள சகோதரர்கள் இருவர் ஒரு படகு வீட்டின் பின்புறத் தளத்துக்கு அடியில் நீந்திச் சென்றபோது உயிரிழந்தனர். அவர்கள் மூழ்கியதற்கு நீச்சல் தெரியாமை காரணமன்று. ஜெனரேட்டரின் புகை, பின்புறத் தளத்துக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில் வெளியேறுமாறு அந்தப் படகு வடிவமைக்கப்பட்டிருந்தது. அங்கு தேங்கியிருந்த கார்பன் மோனாக்சைடு சிறுவர்களை உணர்விழக்கச் செய்தது.

இதையடுத்து, அமெரிக்கத் தேசியப் பணிசார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் ஆய்வு மேற்கொண்டன. 1990 முதல் 2000 வரை பவல் ஏரியில் மட்டும் 111 பேர் படகு தொடர்பான கார்பன் மோனாக்சைடு நஞ்சால் பாதிக்கப்பட்டது அந்த ஆய்வில் தெரியவந்தது. அவற்றில் 74 நேர்வுகள் படகு வீடுகள் தொடர்பானவை. அந்த 74-இல் 64 நேர்வுகளுக்கு ஜெனரேட்டர் புகை மட்டுமே காரணம். படகு வீடுகளில் பாதிக்கப்பட்ட 74 பேரில் 7 பேர் உயிரிழந்தனர். நீரில் மூழ்கியதாக எளிதில் பதிவாகிவிடக்கூடிய மரணங்களுக்குப் பின்னால் நச்சு வாயு இருக்கலாம் என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

காற்றில் கார்பன் மோனாக்சைடின் அளவு பத்து லட்சத்தில் 1,200 பங்கை எட்டினால் அது உயிருக்கு உடனடி ஆபத்து என அந்நிறுவனம் வரையறுத்துள்ளது. பவல் ஏரிப் படகுகளின் பின்புறத் தளத்துக்கு அடியில் அளவிடப்பட்டபோது, அந்த எல்லையைப் பன்மடங்கு கடந்த அளவுகள் பதிவாயின. அத்தகைய செறிவில் ஒருவர் சில மூச்சுகளிலேயே உணர்விழக்க நேரிடும்.

2001-இல், இவ்வாறு பின்புறத் தளத்துக்கு அடியில் ஜெனரேட்டர் புகையை வெளியேற்றும் படகு வீடுகளைத் திரும்பப் பெற்றுச் சீர்செய்ய அமெரிக்கக் கடலோரக் காவல்படை நடவடிக்கை எடுத்தது. நீர்மட்டத்தில் புகையை வெளியேற்றுவதற்கு மாற்றாக, மேல்தளத்தையும் தாண்டி உயரும் செங்குத்துப் புகைபோக்கியைப் பொருத்தினால், பயணிகள் இருக்கும் இடங்களில் வாயுவின் அளவு பெருமளவு குறைவது சோதனைகளில் உறுதியானது.

திறந்த வெளியிலும் ஆபத்து ஏன்?

மூடிய அறையில்தான் இந்த வாயு ஆபத்தானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. படகைப் பொறுத்தவரை அது சரியன்று.

படகு முன்னோக்கிச் செல்லும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. இதனால், பின்னால் வெளியேறும் புகை விலகிச் செல்லாமல் படகுக்குள் திரும்ப இழுக்கப்படுகிறது. முன்பக்கம் முழுவதும் மூடப்பட்டு, பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும் படகுகளிலும், முன்பகுதி அதிகமாக உயர்ந்து செல்லும் படகுகளிலும் இது அதிகம் நிகழ்கிறது. பக்கவாட்டுத் திரைகளை மழைக்காக இறக்கிவிடும்போதும் இதே நிலை உருவாகலாம்.

படகு நிற்கும்போதும் ஆபத்து நீங்குவதில்லை. காற்றோட்டம் இல்லாத நேரத்தில் புகை படகைச் சூழ்ந்து தேங்கும். அருகில் கட்டப்பட்டுள்ள மற்றொரு படகின் புகைகூட நம் படகின் சாளரங்கள் வழியே உள்ளே வரலாம். ஆகவே, இயந்திரமோ ஜெனரேட்டரோ இயங்கும் படகிலிருந்து குறைந்தது 20 அடி தொலைவில் படகை நிறுத்த வேண்டும் என அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிவுறுத்துகிறது.

இயந்திரம் இயங்கும்போது படகின் பின்புறத் தளத்தைப் பிடித்துக்கொண்டு நீரில் இழுபட்டுச் செல்லும் விளையாட்டு இன்னும் ஆபத்தானது. விளையாடுபவரின் முகம் புகை வெளியேறும் இடத்துக்கு மிக அருகில் இருப்பதே இதற்குக் காரணம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணம் இந்த விளையாட்டைச் சட்டத்தின் மூலம் தடை செய்துள்ளது.

இந்தியச் சூழலில் இதன் பொருள் என்ன?

ஆலப்புழை, குமரகம் பகுதிகளில் வேம்பநாட்டு ஏரியை ஒட்டிய உப்பங்கழிகளில் இயங்கும் படகு வீடுகள் இந்தியாவின் முக்கியச் சுற்றுலா ஈர்ப்புகளில் ஒன்று. ஒருகாலத்தில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்களின் வழிவந்த இந்தப் படகுகளில் இன்று குளிர்சாதன வசதியுள்ள படுக்கையறைகள் உள்ளன. மாலையில் படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டப்படுகின்றன. கரையிலிருந்து மின் இணைப்பு பெற முடியாத இடங்களில், குளிர்சாதனம் இயங்க இரவில் ஜெனரேட்டர் ஓட வேண்டியுள்ளது. சாளரங்கள் அடைக்கப்பட்ட அறையில் பயணிகள் உறங்குவதும், ஜெனரேட்டர் இயங்குவதும், அருகருகே படகுகள் நிற்பதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. புகைக்குழாயில் சிறு விரிசலோ, இயந்திர அறைக்கும் படுக்கையறைக்கும் இடையே அடைபடாத துளையோ இருந்தால், இந்தச் சூழலே உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடும்.

காஷ்மீரில் நிலைமை வேறு. ஸ்ரீநகரின் தால் ஏரியில் உள்ள படகு வீடுகள் ஓரிடத்திலேயே நிலையாக நிற்பவை. அங்கு இயந்திரப் புகையைவிட, குளிர்காலத்தில் அறையைச் சூடேற்றும் புகாரி அடுப்பும், கரித்துண்டுகள் கனலும் காங்கிடியும் கவனத்துக்குரியவை. குளிருக்கு அஞ்சிக் கதவு, சாளரங்களை இறுக மூடிவிட்டு, கரி கனன்றுகொண்டிருக்க உறங்குவது ஆபத்தானது. புகை கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

நிலத்தில் நிகழ்ந்த இரு துயரங்கள் இந்த ஆபத்தின் தன்மையை இந்தியர்களுக்கு உணர்த்தியுள்ளன. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் பகுதிக்குச் சுற்றுலா சென்ற கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் விடுதி அறையில் உயிரிழந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். குளிருக்காக எரிவாயு சூடேற்றி பயன்படுத்தப்பட்ட அந்த அறை உள்ளிருந்து அடைக்கப்பட்டிருந்தது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வாகனத்தில் இருவர் இறந்துகிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வாகனத்துக்குள் புகுந்ததே காரணம் என்பது ஆய்வில் தெரியவந்தது. குளிர்சாதனத்துக்காக ஓடும் ஜெனரேட்டர், அடைபட்ட சிறிய அறை, உறங்கும் மனிதர்கள் என, வடகரை வாகனத்திலிருந்த அனைத்தும் ஒரு படகு வீட்டிலும் இருக்கக்கூடியவையே.

எச்சரிக்கைக் கருவி எவ்வாறு உதவும்?

மனிதப் புலன்களால் உணர முடியாத வாயு என்பதால், அதைக் கண்டறியக் கருவி ஒன்றே வழி. மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, காற்றில் வாயுவின் அளவு உயர்ந்ததும் உரத்த ஒலி எழுப்பி உறங்குபவர்களை எழுப்பும். உள்ளங்கையில் அடங்கும் அளவிலான இக்கருவிகள் இந்தியாவில் இணைய வணிகத் தளங்களிலும் கிடைக்கின்றன.

இதில் இரண்டு குழப்பங்களைத் தவிர்க்க வேண்டும். புகை உணரும் கருவி கார்பன் மோனாக்சைடை உணராது. சமையல் எரிவாயுக் கசிவை உணரும் கருவியும் உணராது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரைமட்டத்தில் தேங்கும். கசிவை அறிவதற்காக அதில் கடும் நெடியுள்ள பொருளும் சேர்க்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடோ காற்றின் எடைக்கு மிக நெருக்கமானது. அறை முழுவதும் சீராகக் கலந்துவிடும். ஆகவே, இதற்கெனத் தனியாக வடிவமைக்கப்பட்ட கருவியே தேவை. உறங்கும் அறை ஒவ்வொன்றிலும் ஒன்று இருப்பது நல்லது. படகுகளில் ஈரப்பதமும் அதிர்வும் அதிகம் என்பதால், படகுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாகத் தரச்சான்று பெற்ற கருவியைத் தேர்வு செய்ய வேண்டும். கருவியின் உணரிக்கு ஆயுட்காலம் உண்டு. அதன் மீது அச்சிடப்பட்ட காலாவதித் தேதிக்குப் பிறகு அது ஒலிக்கும் என்று நம்ப முடியாது.

பிற நாடுகள் இதைச் சட்டமாகவே கொண்டுவந்துள்ளன. அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் 2015-இல் ஒரு படகின் புகைக்குழாயில் ஏற்பட்ட ஓட்டையால் வாயு கசிந்து 7 வயதுச் சிறுமி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட சட்டம், மூடிய தங்கும் பகுதி உள்ள படகுகளில் இக்கருவியைக் கட்டாயமாக்கியது. அது 2018-இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில், தங்கும் அறையுள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயமாக உள்ளது. அங்கு வின்டர்மியர் ஏரியில் 2013-இல் ஒரு படகில் ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து தாயும் மகளும் இறந்தது குறிப்பிடத்தக்கது. அந்த ஜெனரேட்டரின் புகைக்குழாய் அமைப்பு முறையற்ற வகையில் மாற்றியமைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக, உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021-இல் நிறைவேற்றப்பட்டது. உள்நாட்டு நீர்வழிகளில் இயங்கும் இயந்திரப் படகுகளின் பதிவு, ஆய்வு, பாதுகாப்பு ஆகியவற்றை நாடு முழுவதும் ஒரே சீராக்குவது இதன் நோக்கம். படகு ஆய்வுக்கு வரும்போது, புகைபோக்கி அமைப்பையும் இயந்திர அறையின் தடுப்புகளையும் சோதிக்குமாறு உரிமையாளர்களே கேட்டுக்கொள்வது, பயணிகளுக்கு மட்டுமன்றி இரவில் அதே படகில் உறங்கும் பணியாளர்களுக்கும் பாதுகாப்பு தரும்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* முன்பதிவு செய்யும்போதே, இரவில் ஜெனரேட்டர் இயங்குமா, கரையிலிருந்து மின் இணைப்பு உண்டா, அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உள்ளதா எனக் கேளுங்கள்.
* கருவி இல்லையெனில், சொந்தமாக ஒன்றை எடுத்துச் செல்லலாம். படுக்கைக்கு அருகில், திரைச்சீலையோ தலையணையோ மறைக்காத இடத்தில் வையுங்கள்.
* படகில் ஏறியதும் புகை எங்கிருந்து வெளியேறுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கமுள்ள சாளரங்களை இயந்திரம் இயங்கும்போது திறக்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் காற்றோட்டம் இருக்கட்டும்.
* அறைக்குள் புகை நெடி வந்தால் உடனே பணியாளரிடம் தெரிவியுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை என்றாலும், புகை நெடி வரும் வழியில் அதுவும் வரும். நெடி இல்லை என்பதால் வாயு இல்லை என்று பொருளல்ல.
* இயந்திரமோ ஜெனரேட்டரோ இயங்கும்போது குழந்தைகளைப் படகின் பின்புறத்தில் உட்காரவோ, அதன் அருகே நீந்தவோ விடாதீர்கள்.
* மூடிய அறையில் கரி அடுப்போ எரிவாயு சூடேற்றியோ எரிய விட்டு உறங்காதீர்கள்.

உரிமையாளர்களும் பணியாளர்களும் செய்ய வேண்டியவை

* புகைக்குழாயின் இணைப்புகள், வளைவுகள், ரப்பர் குழாய்கள் ஆகியவற்றில் விரிசலோ துருவோ கரிப்படிவோ உள்ளதா எனத் தவறாமல் சோதிக்க வேண்டும். இணைப்பைச் சுற்றிக் காணப்படும் கரிப்படிவு கசிவின் அடையாளமாகும்.
* இயந்திர அறைக்கும் தங்கும் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பில், மின்கம்பிகளும் குழாய்களும் செல்லும் துளைகளை முழுமையாக அடைக்க வேண்டும்.
* எங்கேயும் எடுத்துச் செல்லக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் படகின் உட்பகுதியிலோ, கூரையால் மூடிய தளத்திலோ இயக்கக் கூடாது.
* புகைக்குழாயை உள்ளூர்ப் பட்டறையில் விருப்பம்போல் மாற்றியமைப்பதைத் தவிர்த்து, தகுதியுள்ள தொழில்நுட்பரைக் கொண்டு செய்ய வேண்டும்.
* இரவில் பல படகுகள் அருகருகே நிற்கும்போது, ஒரு படகின் புகைபோக்கி மற்றொன்றின் படுக்கையறைச் சாளரத்தை நோக்கி அமையாதவாறு நிறுத்த வேண்டும்.

பாதிப்பு ஏற்பட்டால்

ஒருவருக்கு அறிகுறிகள் தென்பட்டாலோ, எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ, காரணத்தை ஆராய்ந்துகொண்டு உள்ளே நிற்கக் கூடாது. முதலில் அனைவரையும் திறந்த காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் நிறுத்தி, கதவு, சாளரங்களைத் திறக்க வேண்டும். உறங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பி, ஆட்களை எண்ணிச் சரிபார்ப்பதும் அவசியம். மயங்கியவரைக் காப்பாற்றத் தனியாக உள்ளே செல்பவர் தாமும் மயங்கி விழுவது இத்தகைய விபத்துகளில் அடிக்கடி நிகழ்கிறது. ஆகவே, கூடுமானவரை காற்றோட்டத்தை ஏற்படுத்திய பிறகே உள்ளே செல்ல வேண்டும்.

மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் உடனே இதய-நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். 112 என்ற அவசர உதவி எண்ணையோ, 108 ஆம்புலன்ஸ் சேவையையோ அழைக்கும்போது கார்பன் மோனாக்சைடு சந்தேகம் உள்ளதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இங்கு நம்பக் கூடாது. ஆக்சிஜன் இணைந்த ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு இணைந்த ஹீமோகுளோபினையும் சாதாரண ஆக்சிமீட்டரால் வேறுபடுத்த முடியாது. உயிருக்குப் போராடுபவரின் விரலிலும் அது இயல்பான எண்ணைக் காட்டக்கூடும். மருத்துவமனையில் இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவைக் கண்டறியும் சோதனையே உண்மை நிலையைக் காட்டும்.

சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி மூலம் தூய ஆக்சிஜன் அளிக்கப்பட்டால் அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைகிறது. வெளியே வந்ததும் உடல்நிலை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர்க்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். நினைவாற்றல் குறைவு, நடத்தை மாற்றம், நடையில் தடுமாற்றம் போன்ற நரம்பியல் பாதிப்புகள் சில நாட்களோ வாரங்களோ கழித்துத் தோன்றவும் கூடும். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, தாய்க்கு அறிகுறிகள் குறைவாக இருந்தாலும் கருவிலுள்ள குழந்தை அதிகம் பாதிக்கப்படலாம் என்பதால், அவர்கள் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

பள்ளி விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் குடும்பத்துடன் படகு வீட்டில் ஓர் இரவு தங்கத் திட்டமிடுவோர், உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்ப்பதுடன், ஜெனரேட்டர் எங்கே உள்ளது, அதன் புகை எங்கே செல்கிறது என்ற இரு கேள்விகளையும் பணியாளரிடம் கேட்டு, விடையை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு உறங்கச் செல்வது பாதுகாப்பானது.